ஜன்னல் பக்கம் பிரிங், கதவுப் பக்கம் டேக்

ஓட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்து மடித்தே ‘மடிப்பக்கா’ என்று பெயர் வாங்கியவளுக்கு மேற்பார்வையாளர் வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நடுவில் ஆங்கிலம் நந்தி மாதிரி மறித்துக்கொண்டு நின்றது.

சொல்லிக்கொடுக்க நிர்வாகம் அமர்த்திய ஆசிரியர், எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர். முதுகுக்குப் பின்னால் ‘லார்டு’. பிரிங் எது, டேக் எது என்று தெரியாமல் வகுப்பே முழி பிதுங்கியபோது, தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்று ஒரு முறையை இறக்கினார். அவர் நிற்பது ஜன்னலோரம். அவரிடம் ஒன்று வந்தால் பிரிங், ஜன்னலைக் காட்டு. அறையை விட்டுப் போனால் டேக், கதவைக் காட்டு. அன்றிலிருந்து எல்லோரும் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை வீசினார்கள். மடிப்பக்கா வீட்டிலும் வீசினாள். “யாரைடி விரட்டுற?” என்று கேட்டதோடு புருஷன் நிறுத்திக்கொண்டான்.

நேர்முகத் தேர்வு மேலாளர் அறையில். அந்த அறைக்கு ஜன்னலே இல்லை. கதவோ அவள் முதுகுப் பக்கம். மாணவியின் பெருமையில் பங்கு கேட்க லார்டும் வந்து உட்கார்ந்திருந்தார்.

அறையில் தங்கியிருப்பவர் போனில் துண்டு கேட்கிறார், ஆங்கிலத்தில் என்ன பதில் சொல்வாய் என்றார் மேலாளர்.

துண்டு இங்கிருந்து போகிறது, டேக். ஆனால் அவருக்கு அது வருகிறது, பிரிங். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

“சார், நான் இப்ப துண்டு பக்கம் நிக்கிறேனா, அவரு பக்கம் நிக்கிறேனா?”

மேலாளர் லார்டைப் பார்த்தார். லார்டு எழுந்து, சுவர் சுவராகத் திரும்பிப் பார்த்தார்.

“நம்ம கிளாஸா இருந்தா உடனே சொல்லிடலாம் சார்,” என்றார் லார்டு.

தமக்கு விடை தெரியும், அவர்கள் வாயால் வரட்டும் என்று காத்திருப்பதாக மேலாளர் சொன்னார். சொல்லிவிட்டுக் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

“ஐ பிரிங் அண்ட் டேக், சார்,” என்றாள் மடிப்பக்கா, வருவது வரட்டும் என்று.

மேலாளருக்குத் தெரிந்திருக்குமோ என்று லார்டுக்குப் பயம்; லார்டுக்குத் தெரிந்திருக்குமோ என்று மேலாளருக்கு. இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். வேலை கிடைத்துவிட்டது.

வெளியே சலவைப் பிரிவு மொத்தமும் சூழ்ந்துகொண்டு, எதுதான் சரியான விடை என்று நச்சரித்தது. அவளுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. போய்க் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“அதெல்லாம் ஆபீஸ் விஷயம். உங்களுக்குச் சொன்னாப் புரியாது.”