நாற்றம் நின்ற மாலை

பொம்மசந்திரா குடியிருப்பின் பொதுச் சமையலறையில், அன்று மாலை பால் காயவே இல்லை. அடுப்புச் சுடர் சோர்ந்து தள்ளாடியது. இன்னும் சற்று நேரத்தில் டோரீனின் மகள் டீனாவை நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள்.

அந்த அடுப்பில் எரிவது சிலிண்டர் கேஸ் இல்லை. எல்லா வீட்டுக் கழிவுநீரும் கீழ்த்தளத்து அறையொன்றிலுள்ள மூடிய தொட்டிக்குப் போகும். அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று எரிவாயு தரும். தெளிந்த நீர் தோட்டத்துக்குப் பாயும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் டோரீன் இதை ஊரெல்லாம் பெருமை பேசினாள். கீழ்த்தளத்தில் வரும் லேசான வாடைக்கு மூக்கைச் சுளித்தவளும் அவள்தான்.

சம்பந்தி வீட்டார் அங்கேதான் காரை நிறுத்த வேண்டும். அதனால் ஒரு வாரமாகக் கழிவறை ஆசிட்டைக் கேன் கேனாகத் தொட்டியில் ஊற்றச் சொல்லியிருந்தாள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் சாய்கிருஷ்ணா லீவில் போகும்போதே சொன்னான்: "ஆசிட் மட்டும் ஊத்திடாதீங்க மேடம். உள்ள இருக்கிறதெல்லாம் செத்துடும்."

"கிருமி சாகத்தானேப்பா ஊத்துறோம்?" என்று சிரித்தாள்.

வாடை குறையவில்லை, அழுகிய முட்டையாக நாறியது. அவள் இன்னும் ஊற்றச் சொன்னாள். அன்று மாலை கீழே தொட்டி அறையில் போய் நின்றபோது குப்பென்று வந்த நாற்றம், சற்று நேரத்தில் அறவே காணாமல் போனது. கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு மேலே வந்தாள். தலை வலித்தது, கல்யாண அலைச்சல் என்று விட்டுவிட்டாள்.

"அடுப்பு சரியா எரியல, தொட்டியில கேஸ் வால்வு அடைச்சிருக்கும், பாத்துட்டு வரேன்" என்றார் கணவர் ஓஸ்வால்ட்.

"போங்க, இப்ப நாத்தமே இல்ல. விருந்தாளிங்க பாக்காம தொட்டி ரூம் கதவச் சாத்திக்கோங்க."

அவரும் சொன்னபடி சாத்திக்கொண்டார்.

கார்கள் வந்தன. ஜரிகைப் புடவையில் நின்ற டீனா, "டாடி எங்கம்மா?" என்றாள். டோரீன் கீழே ஓடிக் கதவைத் திறந்தாள். ஓஸ்வால்ட் தரையில் கிடந்தார். உள்ளே பாயப்போனவளைக் காவலாளி இழுத்துப் பிடித்துக்கொண்டான். முகமூடி அணிந்த தீயணைப்பு வீரர்கள் வந்துதான் அவரைத் தூக்கினார்கள்.

ஆசிட் பட்டுத் தொட்டியின் சகதி நச்சுவாயுவைக் கக்கியிருந்தது. "நாத்தம் நிக்கல மேடம். அந்த கேஸ் அதிகமானா மூக்கு மரத்துப்போயிடும்" என்றார் ஆஸ்பத்திரியில் மருத்துவர். ஓஸ்வால்ட் பிழைப்பாரா என்பது விடிந்த பிறகும் உறுதியாகவில்லை.

பார்க்க வந்த பக்கத்து வீட்டு வேதநாயகி, "அந்தத் தொட்டிய முதல்ல மூடணும் டோரீன்" என்றாள்.

"தொட்டி என்னக்கா பண்ணுச்சு? நம்ம அழுக்கத் தின்னுட்டு நமக்கு அடுப்பெரிய நெருப்பு குடுத்த உயிருங்க அது. நான்தான் விஷம் வச்சேன். சாக்கடையில ஊத்தினா எல்லாம் போயிடும்னு இருந்தேன். எங்கயும் போகல. என் புருஷன் மூச்சுலதான் வந்து நின்னுது."

கண்ணாடிக்கு அப்பால் இயந்திரம்தான் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.