அரசாங்கச் சொத்து

பாதுகாப்பு அலுவலகத்தில் எல்லா பெஞ்சும் எனக்கு அத்துப்படி. மூன்றாவது பெஞ்சில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்களிடம் நானே சொல்லிவிடுவேன். நாலு மாதத்தில் அங்கே யாருக்காவது பாதுகாப்பு கிடைத்தது என்றால், அது என் புண்ணியத்தில் அந்த ஆணியிடமிருந்து கிடைத்ததுதான்.

நான் பள்ளிச் சீருடை தைக்கிறவள். என் தங்கை வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து எட்டு மாதம் ஆகியும் அந்த வீட்டம்மா அவளை விடவில்லை. போய் இறங்கிய அன்றைக்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டாள். போனையும் பிடுங்கிக்கொண்டாள். இஸ்திரிப் பலகைக்குப் பக்கத்தில் தரையில்தான் படுக்கை. குப்பை கொட்டப் பின்வாசலுக்கு வரும்போது பக்கத்து வீட்டு டிரைவர் இரக்கப்பட்டுத் தன் போனைக் கொடுப்பார். "அக்கா, எப்படியாவது என்னைக் கூட்டிட்டுப் போயிடு" என்பாள். மீதி நேரமெல்லாம் அழுகைதான்.

இதுபோன்றவர்களைக் காப்பாற்றத்தான் இந்த அலுவலகம் என்றார்கள். போனேன். புகார் வாங்கும் அதிகாரிக்கு நான் வைத்த பெயர் முத்திரை. ரப்பர் முத்திரையை வாய்ப்பக்கம் கொண்டுபோய் 'ஹா' என்று ஊதிவிட்டுத்தான் குத்துவார். குழந்தைக்குச் சோறு ஆற்றுகிற பக்குவம்.

"புகார் யார் குடுக்கறது?"

"நான்தான் சார். அவளோட அக்கா."

"பாதிக்கப்பட்டவங்கதாம்மா நேர்ல வந்து குடுக்கணும்."

"வர முடியலைங்கிறதுதானே சார் புகாரே!"

"அதை அவங்க வந்து சொல்லணும்ல?"

கையைக் காலைப் பிடித்து, கெஞ்சி, ஒருநாள் கத்தியும் பார்த்து, ஒருவழியாகப் புகாரைத் தூதரகத்துக்கு அனுப்ப வைத்தேன். பதில் வந்தது. 'தொழிலாளி மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறார்.' முத்திரை ஒருமுறை ஊதி, 'முடிக்கப்பட்டது' என்று குத்தினார்.

"என் தங்கச்சியக் கேட்டாங்களா சார்?"

"அவங்க நம்பருக்குத்தாம்மா போட்டிருக்காங்க. வீட்டம்மா எடுத்து, சந்தோஷமா இருக்கான்னு சொல்லியிருக்காங்க."

"ஒரே ஒரு தடவை ஆள் போய்ப் பார்க்கக் கூடாதா?"

"தனியார் வீட்டுக்குள்ள எப்படிம்மா போறது? தூதரகத்துல இருக்கறதே ஒரு வண்டி."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த முத்திரையைப் பிடுங்கி அவர் நெற்றியிலேயே குத்தியிருப்பேன்.

ஒவ்வொரு தடவையும் தங்கையின் பாஸ்போர்ட் நகல் இரண்டு கேட்பார்கள். அடுக்கி அடுக்கி அதில் இருக்கும் எழுத்தெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒருநாள் காலர் தைத்துக்கொண்டிருக்கும்போது, அதில் கடைசிப் பக்கத்து வரி ஒன்று சுருக்கென்று நினைவுக்கு வந்தது. 'இந்தப் பாஸ்போர்ட் அரசாங்கத்தின் சொத்து.' தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். பாஸ்போர்ட்டை எடுக்கப் போகிறவர்கள், அதில் இருக்கும் முகத்துக்காரி பக்கத்திலேயே நின்றால் விட்டுவிட்டா வருவார்கள்? எனக்கும் மூளை இருக்கிறது என்று அன்றைக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

மறுநாள் புதுப் புகார் எழுதினேன். 'நம் அரசாங்கச் சொத்து ஒன்றை வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி தன் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாள்.' கீழே பாஸ்போர்ட் எண், அந்த வீட்டு விலாசம், அவ்வளவுதான். தங்கை பெயரை எழுதினால் பழைய புகார் என்று தள்ளிவிடுவார்களே என்று அவளைப் பற்றி மூச்சுவிடவில்லை.

படித்த முத்திரை எழுந்து நின்றார். அந்த மனிதருக்குக் கால் இருப்பதையே அன்றுதான் பார்த்தேன்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும் சார்."

"என்னம்மா நீங்க! இவ்வளவு பெரிய விஷயத்தை முன்னாடியே சொல்லக்கூடாதா?"

அப்புறம் நடந்ததை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். போன் பறந்தது. மேலிடம் விழித்தது. ஐந்தே நாளில் தூதரக வண்டி அந்த வீட்டு வாசலில் நின்றதாம். கூடவே அந்த ஊர்ப் போலீஸ். பத்தாம் நாள் முத்திரையே என்னைக் கூப்பிட்டார்.

"வாங்கம்மா, மீட்டாச்சு!"

தங்கைக்காகத் தைத்து வைத்திருந்த புதுச் சுடிதாரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அலுவலகத்தில் கேமராவோடு ஒருவர் நின்றார். நாற்காலியெல்லாம் துடைத்திருந்தது. நான் கதவுப் பக்கம் பார்த்தேன், மாடிப்படிப் பக்கம் பார்த்தேன், அவளைக் காணோம். முத்திரை ஒரு உறையை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். உள்ளே பாஸ்போர்ட்.

"ஒரு கீறல்கூட இல்ல, பாருங்க. உள்ள இருக்கற விலாசத்துல ஒப்படைக்கணும்ங்கிறது விதி. கொஞ்சம் சிரிங்கம்மா, போட்டோ எடுக்கறாங்க."

"என் தங்கச்சி எங்க சார்?"

அவர் புகாரை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தேடினார்.

"அவங்களைப் பத்தி இதுல ஒண்ணும் எழுதலையேம்மா."

புகாரை வாங்கி நானும் ஒருமுறை படித்தேன். என் கையாலேயே அவளை அந்தப் புகாரிலிருந்து எடுத்துவிட்டேனே!

"இப்பவே எழுதித் தர்றேன் சார்."

"எழுதலாம். ஆனா இப்ப அவங்க பாஸ்போர்ட் இல்லாம அந்த நாட்டுல இருக்கறவங்க. அவங்க நம்ம பாதுகாப்புல வரமாட்டாங்க. அது வேற அலுவலகம்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மடியில் சுடிதார், அதன்மேல் பாஸ்போர்ட். போன் அடித்தது. டிரைவர் நம்பர். தங்கைதான். அன்றைக்கு அவள் அழவில்லை, சிரித்தாள். இரண்டு வருடமாக நான் கேட்காத சிரிப்பு.

"அக்கா, அன்னைக்கு நம்ம கொடி போட்ட வண்டி வந்துச்சுக்கா! நீதான் அனுப்பியிருப்பேன்னு தெரிஞ்சுபோச்சு. ஓடிப்போய் பையைக் கட்டி, செருப்பு மாட்டி வாசல்ல நின்னேன். 'கொஞ்சம் தள்ளி நில்லும்மா'ன்னாங்க. நின்னேன். பாஸ்போர்ட்டைப் பெட்டியில வச்சு பத்திரமா எடுத்துட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் இந்தம்மா பின்வாசலையும் பூட்டிடுச்சு, இன்னைக்குத்தான் குப்பை நாறுதுன்னு திறந்துச்சு. பரவாயில்லக்கா, நான் பையை இன்னும் அவுக்கல. அவங்க எப்ப திரும்பி வருவாங்க?"