நுனி மட்டும்

எங்கள் வீட்டில் ரோஜாச் செடிகள் பதினொன்று. தெருவில் விசாரித்தால் நூற்றுப்பத்து என்று நான் சொன்னதாகச் சொல்வார்கள். சொல்லியிருப்பேன். எனக்குத் தெருவில் ‘பத்துமடங்கு’ என்றுதான் பேர். அதை வைத்தது மச்சான், என் மனைவியின் அண்ணன்; அவருக்கு நானும் மச்சான்தான். எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். என் மனைவி நான் எதைச் சொன்னாலும் மனத்துக்குள் பத்தால் வகுத்து வைத்துக்கொள்வாள். நீங்களும் செடிகளைப் பற்றி நான் சொல்வதை வகுத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததைப் பற்றிச் சொல்வதை மட்டும் வகுக்க வேண்டாம்.

ஒரு வருஷம் கிளைகளை வெட்டிக் கவாத்து பண்ணாமல் விட்டதில் செடிகள் வானத்துக்கும் பூமிக்குமாக எழும்பிவிட்டன. மேலே போன விமானம் ஒன்று கொஞ்சம் ஒதுங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். தபால்காரர் வெளியே நின்றே கடிதத்தை வீசிவிட்டுப் போவார். உள்ளே வந்தால் ஆள் ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம். கவாத்துக்கு ஆள் வரச் சொல்லியாயிற்று. எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் முதல் நாள் காபி நேரத்தில் சண்டை.

“நுனி மட்டும் எடுத்தாப் போதும். நகம் வெட்டற மாதிரி,” என்றாள் மனைவி.

“நகமா? ஆளு உயரத்துக்கு வளர்ந்த நகத்தை நான் பார்த்ததில்லம்மா. முழங்காலுக்கு மேல ஒரு குச்சி நிக்கக் கூடாது,” என்றார் மச்சான்.

“உன் தலையில முடி போனதுலேர்ந்து எதைப் பார்த்தாலும் மொட்டையடிக்கணும்னு தோணுது உனக்கு.”

“என் தலையை விடு. பூ வேணுமா வேண்டாமா?”

“எனக்குச் செடி வேணும், அண்ணா. ஒவ்வொண்ணும் நான் குச்சியா வச்சுத் தண்ணி ஊத்தினது.”

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் நகராட்சி அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டியவன். அங்கே கற்றுக்கொண்டது இரண்டு விஷயம். யார் என்ன சொன்னாலும் “சரிதான்” என்பது ஒன்று. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மின்சாரப் பிரிவைக் காட்டுவது, விளக்கு எரியாவிட்டால் குழாய்ப் பிரிவைக் காட்டுவது இரண்டாவது. கை தானாக நீளும். தூக்கத்தில் எழுப்பினாலும் வேறொரு பிரிவைக் காட்டிவிட்டுத்தான் கண்ணைத் திறப்பேன்.

“ரெண்டும் சரிதான்,” என்றேன்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். “மச்சான்கிட்டப் போய்க் கேக்கறியே! இந்த வீட்டுல அவர் பேச்சுக்கு ஒரு இலை அசையுமா?”

மனைவியும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் சுருக்கென்றது.

மறுநாள் காலையில் அவளுக்குக் கண் பரிசோதனை. மச்சான் தன் காரில் அழைத்துப் போவதாக ஏற்பாடு. வாசலில் வேலைக்காரர்கள் வந்து நின்றார்கள்: தோட்டக்காரம்மா, அவருடைய மருமகன். மாமியார் கையில் கவாத்துக் கத்தரி, மருமகன் தோளில் கோணிகள். இருவருக்கும் ஓயாத சண்டை, அதுவும் மரியாதையான சண்டை. “மாப்ள, நீங்க நிக்கற லட்சணத்துக்குச் செடியே உங்களைக் கவாத்து பண்ணிடும், தள்ளி நில்லுங்க,” என்பார் அந்தம்மா. காரில் ஏறும் முன் என் மனைவி அவரிடம் இரண்டு தடவை சொன்னாள்: “நுனி மட்டும். என்ன?”

“நுனி மட்டும்மா,” என்றார் அவர்.

கார் தெருமுனை திரும்பியது. நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

“முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்க,” என்றேன். சொந்தமாகப் பேச்சு என்று ஒன்று கைவசம் இல்லாததால், என்னைப் பார்த்துச் சிரித்த மச்சானின் பேச்சையே இரவல் வாங்கிக்கொண்டேன்.

அந்தம்மா கத்தரியை இறக்கினார். “அம்மா நுனி மட்டும்னு சொல்லிட்டுப் போறாங்களேய்யா.”

“வீடு யார் வீடு?”

“உங்க வீடுதான். ஆனா வந்து கேட்டா?”

“கேட்டா நான் சொல்லிக்கறேன். எல்லாம் என் பொறுப்பு.”

அவர் மூன்றாவது தடவையும் கேட்டார். “நெசமாவே வெட்டிடவா?” நான் செடியில் முழங்கால் வைத்துக் காட்டினேன். அவர் வேலையில் இறங்கினார். வெளிப்பக்கம் பார்த்த கணுவாகத் தேடி, அதற்கு ஒரு விரல்கடை மேலே சாய்வாக ஒரே வெட்டு. வெட்டின இடத்தில் மருந்தைத் தொட்டு ஒரு பூச்சு. என்ன அழகான வேலை! நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேரரசன் மாதிரி விரலை அசைத்துக்கொண்டிருந்தேன். என் விரலுக்கு இலை அசைந்தது, கிளையே விழுந்தது. முப்பத்துநாலு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு காலைப்பொழுது வாய்த்ததில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கார் வந்தது. கண்ணில் மருந்து ஊற்றி அனுப்பியிருந்தார்கள். மனைவிக்கு எதிரே நிற்கும் ஆள் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத நேரம். அப்படியும் தெரிந்துவிட்டது.

“செடி எங்க?” என்றாள்.

அவள் தடவிக்கொண்டே போய் ஒரு குச்சியின் தலையைத் தொட்டாள். விரலில் மருந்து ஒட்டியது. முகம் ஒரு மாதிரி சுருங்கியது. அவள் கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்; கோபத்துக்கு நான் பழகினவன். அழுதுவிட்டாள்.

“யாரு சொன்னது இப்படி வெட்டச் சொல்லி?”

என் கை நீண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நீட்டவில்லை, அதுவாக நீண்டது. “நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இவங்க கேக்கல.”

மருமகன் வாயைத் திறந்தான். “அம்மா, ஐயாதானே…”

“மாப்ள, கோணியைக் கட்டுங்க,” என்றார் தோட்டக்காரம்மா. என்னை ஒரு தடவை பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. அடுத்துப் பேச வேண்டிய ஆள் நான்தான் என்பதுபோல, காத்திருக்கிற பார்வை. கத்தரியைத் துணியில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே என் மனைவி நாலு வீட்டில் சொல்லிவிட்டாள்: பல் டாக்டர் வீடு, கணக்கு டீச்சர் வீடு, அச்சகத்துக்காரர் வீடு, எதிர்வீடு. நாலு வீட்டுத் தோட்டமும் அந்தம்மா பார்த்துக்கொண்டிருந்தவை. “சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க வீட்ல இல்லாத நேரமாப் பார்த்து வெட்டித் தள்ளிடுவாங்க,” என்றாளாம். என் மனைவி பொய் சொல்ல மாட்டாள் என்பது தெருவுக்கே தெரியும். ஒரே வாரத்தில் நாலு வீடும் அவரை நிறுத்திவிட்டன.

அடுத்த நாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் அவளுக்குத் தலைவலி. அதற்கடுத்த நாள் எனக்கு. பத்தாம் நாள் குச்சிகளில் சிவப்பாகக் குருத்து எட்டிப் பார்த்தது. நாற்பத்து மூன்றாம் நாள் பூத்தது பாருங்கள், அதைப் பூ என்று சொல்லக் கூடாது. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். வாசனைக்கு மூன்று தெரு தள்ளி ஒருவர் தும்மினார். (வகுத்துக்கொள்ளுங்கள்.)

“நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?” என்று மாடியிலிருந்து மச்சான் ஊரையே கூட்டினார்.

எனக்கு உயிர் வந்தது. “பார்த்தியா, அந்தம்மா செஞ்சது நல்லதாப் போச்சு. திரும்பக் கூப்பிடலாமே,” என்றேன் மனைவியிடம்.

“பூ வந்தா? வேண்டாம்னு சொன்னதைச் செஞ்சது செஞ்சதுதானே? என்னைக் கண்ணு தெரியாதவளாக்கிட்டு நின்னாங்களே, அதுக்கு என்ன பூ வந்து என்ன?”

அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. ஆள்தான் தப்பு.

அன்றே சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னேன்? என் பழக்கதோஷம். “நான்தான் வெட்டச் சொன்னேன். அந்தம்மா என் கால்ல விழுந்து கெஞ்சினாங்க. முடியாதுன்னுட்டேன். கத்தரியைப் பிடுங்கி ஓங்கினேன். ‘வெட்டறியா, வேலையை விட்டுப் போறியா’ன்னு ஒரு கர்ஜனை. பல் டாக்டர் வீட்டுல ஒரு பல்லு தானா விழுந்துச்சு…”

மனைவி சிரித்தாள். “நீங்க? கர்ஜனை? ஒரு பூனையை வெரட்டச் சொன்னா ‘கொஞ்சம் நகர்றீங்களா’ன்னு கேக்கற ஆளு. பாவம் பார்த்துப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கறீங்க. நல்ல மனசுதான். போய்க் குளிங்க.”

மனிதனுக்கு இதைவிடக் கேவலம் உண்டா? குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போய் நல்ல மனசுக்காரன் பட்டம் வாங்கிக்கொண்டு குளிக்கப் போனேன்.

தோட்டக்காரம்மாவைத் தேடிப் போனேன். பஞ்சர் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. தரையில் உட்கார்ந்து, ஏதோ கம்பெனிச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். முள் கீறிக் கீறித் தடித்த அந்த விரல்களுக்குள் ஊசி நிற்கவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் மருமகன் சட்டைகளை மடித்து அடுக்கினான்.

“வாங்கய்யா,” என்றார். உட்காரச் சொல்லவில்லை.

“வந்து என் வீட்டம்மாகிட்ட நடந்ததைச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா,” என்றேன்.

“ஐயா நல்லாப் பேசுவாரு அத்தை,” என்றான் மருமகன் மடிப்பதை நிறுத்தாமல். “அன்னிக்குக்கூட நல்லாத்தான் பேசினாரு.”

“நீங்க சும்மா இருங்க மாப்ள.” அந்தம்மா நூலைப் பல்லால் அறுத்தார். “நான் வந்து சொன்னா, வேலை போன ஆத்திரத்துல சொல்றேன்னுதானேய்யா நெனப்பாங்க?”

“அன்னிக்கே ஏன் சொல்லல நீங்க?”

“அவங்க முன்னாடி உங்க மானத்தை எதுக்கு வாங்கணும்? சாயங்காலத்துக்குள்ள நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் மறுநாள்னு இருந்தேன். அப்புறம் எண்ணறதை விட்டுட்டேன்.” அடுத்த சட்டையை எடுத்தார். “அவங்க காதுல ஏறலைன்னா, ஏறற மாதிரி சொல்லுங்க. அதுக்கும் என்னையே கூப்பிடாதீங்க.”

வீடு வரைக்கும் நடந்தேன். இரண்டு மைல் என்று மனம் சொன்னது. அரை மைல்தான்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு நீ போனதும் நான்தான் முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொன்னேன். அந்தம்மா மூணு தடவை கேட்டாங்க. என் பொறுப்புன்னேன். நீ அழுததும் பயந்து அவங்களைக் காட்டிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்.”

அவள் கை நின்றது. மறுபடி கேட்டாள், “அவ்வளவுதானா?” நான் தலையாட்டினேன். யானை இல்லை, புலி இல்லை, பல் விழவில்லை. வகுப்பதற்கு ஒன்றுமே இல்லாததைப் பார்த்து அவள் முகம் வெளுத்தது.

“எதுக்குங்க?”

“நீயும் மச்சானும் சிரிச்சீங்க.”

மடித்த துணியைத் தள்ளி வைத்தாள். “சிரிச்சது தப்புன்னா என்கிட்டச் சண்டை போட்டிருக்கணும். அவங்ககிட்ட எதுக்கு?” என்றாள். பிறகு குரல் உடைந்தது. “உங்க பொய்யை நான் தலையில தூக்கிட்டுப் போய் நாலு வீட்டுல எறக்கிட்டு வந்திருக்கேன். என் வாயால.” எழுந்து செருப்பை மாட்டினாள். “கிளம்புங்க.”

நாலு வீட்டுக்கும் போனோம். அவள் வாசலில் நின்று, “இவர் ஒண்ணு சொல்லணுமாம்,” என்பாள். மீதி என் பாடு. பல் டாக்டர் வீட்டில், “அன்னிக்கு வெயில்னா வெயில், தாரெல்லாம் உருகி…” என்று ஆரம்பித்தேன். மனைவி திரும்பிப் பார்த்தாள். வெயிலை வெட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். கணக்கு டீச்சர் கேட்டுவிட்டு, வகுப்பில் முட்டை வாங்கிய பையனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். எதிர்வீட்டில் சிரித்தார்கள். சிரிப்பு எவ்வளவோ பரவாயில்லை.

டாக்டர் வீடும் டீச்சர் வீடும் அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிட்டன. எதிர்வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்களாம், நன்றாகச் செய்கிறானாம். அச்சகத்துக்காரர் இருந்த தோட்டத்தைப் பெயர்த்து சிமென்ட் போட்டுவிட்டார். நாலில் இரண்டு. இதைப் பெருக்கவும் எனக்கு வழி தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்கு அழைக்க மனைவியே போனாள். தனியாகத் திரும்பினாள்.

“வர மாட்டாங்களாம்.”

“கோவமா?”

“கோவமெல்லாம் இல்லையாம். அந்த வீட்டுல யார் சொல்றதைக் கேக்கணும்னு தெரியலைம்மான்னாங்க.”

அடுத்த கவாத்துக்கு நாங்களே கத்தரி வாங்கினோம். நான் செடி முன்னால் நின்ற அதே காலையில், சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் வீட்டில் அந்தம்மா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சரக், சரக் என்று ஒரே சீரான சத்தம். இந்தப் பக்கம் நான் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு எந்தக் கணு வெளிப்பக்கம் பார்க்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லாக் கணுவும் என்னைத்தான் பார்த்தது.

“இதை எங்க வெட்டறதும்மா?” என்று சுவர் மேலாகக் கேட்டேன்.

“அத்தை வேலையா இருக்காங்கய்யா,” என்றான் மருமகன்.

பின்னால் மனைவி நின்றிருந்தாள். கத்தரியைக் கிளையில் வைத்தேன். கத்தரியின் வாய் மூடவில்லை.

மாடியிலிருந்து மச்சான், “என்ன மச்சான், ஒரு குச்சியை வெட்ட இவ்வளவு நேரமா?” என்றார்.

“கத்தரி கனம்,” என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது. தோட்டக்காரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்த அதே காத்திருக்கிற பார்வை.

“கத்தரி கனமில்ல மச்சான். எனக்குத்தான் வெட்டத் தெரியல,” என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.