ஐம்பத்திரண்டாம் நாளின் தீவு

1

காலை ஆறு நாற்பது. இந்தக் கதையில் நான் சேர்க்காதவை இந்த நேரமும் அது இருந்த தாளும்தான்.

பழைய புத்தகக் கடையில் பூனை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன். நாற்பதாம் பக்கத்தில் யாரோ ஒரு தாளை நான்காக மடித்து வைத்திருந்தார். ஏதோ ஓர் உல்லாசக் கப்பலின் அன்றாட நிகழ்ச்சித் தாள். “நாள் 52. காலை 6.40: படகில் சென்று தீவில் இறங்குதல். தீவு:” அவ்வளவுதான். பெயர் இல்லை. அடுத்த வரி: “மிதவை அங்கி கட்டாயம். ரப்பர் காலணி நல்லது.”

பூனை வளர்ப்பைப் படிக்கவில்லை. மூன்று வாரமாக அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தீவு என்று போட்டு, இரண்டு புள்ளியும் வைத்துவிட்டு, ஒருவர் எப்படி எழுந்து போக முடியும்?

(நான் கப்பலில் போனதில்லை. ஒருமுறை ஏரியில் மிதிபடகு ஓட்டி வாந்தி எடுத்தேன். கப்பல் விவரங்களை வாசகர் இந்த அளவுக்கு நம்பினால் போதும்.)

2

முதல் தொடக்கம்: “கடல் நீலமாக இருந்தது.” இருக்கத்தானே செய்யும். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “தொண்ணூற்றாறு நாள், முப்பத்தொரு தீவு, பதினான்கு கடலோர நகரம் என்று கிளம்பிய அந்தக் கப்பலில் தனிமை என்பது”

என்பது என்ன? தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

மூன்றாவது: “ஐம்பத்திரண்டாம் நாள் காலை தாள்காரி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது விசில் சத்தம் கேட்டது.” இது பரவாயில்லை. வாயில் நுரையோடு நிற்பவரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஆனால் விசிலுக்கு முன் தாள்காரி யாரென்று சொல்லியாக வேண்டும்.

3

தாள்காரிக்கு முப்பத்து நான்கு வயது. எட்டு வருடமாக அந்தக் கப்பலில் ஒரே வேலை. மறுநாள் எத்தனை மணிக்கு என்ன நடக்கும் என்று ஒரு தாளில் அடித்து, அறுபத்தொரு பிரதி எடுத்து, பயணிகள் இரவு உணவுக்குப் போயிருக்கும்போது அறைக் கதவுகளுக்கு அடியில் தள்ளுவாள். குனிந்து குனிந்து இடுப்பு ஒரு பக்கமாகப் போய்விட்டது.

பயணிகள் நூற்றுப் பதினான்கு பேர். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். நகரம் வந்தால் இறங்கி மருந்துக்கடை தேடுவார்கள். தீவு வந்தால் இறங்கிப் பறவை தேடுவார்கள். இரண்டுக்கும் ஒரே தொப்பி. தாளில் இருப்பதை அப்படியே நம்புவார்கள். ஒருநாள் “மழை பெய்யலாம்” என்று அடித்திருந்தாள். சுள்ளென்ற வெயிலில் நூற்றுப் பதினான்கு பேரும் மழைக்கோட்டில் வேர்த்து வழிந்தார்கள்.

அவள் வேலை செய்யும் விதம் ஒன்று உண்டு. புதிய தாளைப் புதிதாக அடிக்க மாட்டாள். பழைய தாளைத் திறந்து, பழையதை அழித்து, புதியதை நிரப்புவாள். எட்டு வருடமாகச் சரியாகத்தான் இருந்தது. இந்தப் பயணத்தில்தான் அழிக்கும்போது கை நழுவ ஆரம்பித்தது.

பதினேழாம் நாள், கேப்டன் கொடுத்த விருந்துக்கு “நீச்சல் உடையில் வரவும்” என்று முந்தின நாள் வரி தங்கிவிட்டது. பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் முன்னாள் நீதிபதி.

முப்பதாம் நாள், பறவை ஆராய்ச்சியாளர் பெயரை எடுத்த இடத்தில் சமையல்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். “தீவுப் பறவைகள்: சமையல்காரர் உரை.” அவரும் மறுக்கவில்லை. முக்கால் மணி நேரம் தன் கோணத்தில் பேசினார். இரண்டு பேர் அழுதுகொண்டே வெளியேறினார்கள்.

கேப்டன் அவளைக் கூப்பிட்டு, “இன்னொரு தப்பு வந்துச்சுன்னா அடுத்த துறைமுகத்துல பெட்டியோட இறங்கிக்கணும்” என்றார். கேப்டன் சத்தம் போடுகிறவர் இல்லை. அதுதான் பயம்.

(இந்த இடத்தில் படகோட்டி ஒருவர் இருந்தார். தாள்காரிக்கு ஒரு காதல் வேண்டாமா என்று வைத்தேன். மீசை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். தாள்காரி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆளையே எடுத்துவிட்டேன். அவருடைய மிதவை அங்கி மட்டும் ஆணியில் தொங்குகிறது. பிறகு எடுக்கலாம்.)

4

இப்போது அம்மா.

அறை காலியாக இருந்தால் ஊழியர்களின் வீட்டார் பத்து நாள் உடன் வரலாம் என்பது அந்தக் கப்பலின் சலுகை. நாற்பத்தேழாம் நாள், ஒரு நகரத்தில், தாள்காரியின் அம்மா ஏறினாள். அவள் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கப்பல் ஏறியதும் முதலில் கேட்டது, “பின்பக்கப் படிக்கட்டு எங்க?”

இதில் ஒரு சிக்கல். எட்டு வருடமாகத் தாள்காரி போனில் ஒரு சின்னப் பொய் சொல்லிவந்தாள். கதவுக்கடியில் காகிதம் தள்ளும் வேலை என்று சொல்ல வாய் வரவில்லை. “கப்பலை எங்க நிறுத்தணும்னு நான்தான்மா சொல்றேன்” என்று சொல்லிவைத்தாள்.

அம்மாவுக்கு அது உடனே புரிந்தது. “அப்ப கேப்டன் டிரைவர். நீ கண்டக்டர்.” தெரு முழுக்கச் சொன்னாள். பழைய பணிமனைக்கே போய்ச் சொன்னாள்.

ஐம்பத்தோராம் நாள் மாலை தாள்காரியின் சின்ன அறையில் அம்மா கட்டிலில் கால் நீட்டியிருந்தாள். தாள்காரி முந்தின நாள் தாளைத் திறந்து, தீவின் பெயரை அழித்தாள். மறுநாள் முழுக்கக் கடல் பயணம். எந்தத் திசையிலும் நூறு மைலுக்குக் கரை இல்லை. இறங்கும் வரி முழுவதையும் அழிக்க வேண்டும். விரலும் அதற்காகத்தான் நீண்டது.

“நாளைக்கு எங்கடி நிறுத்தப் போற?” என்றாள் அம்மா.

“யோசிச்சிட்டிருக்கேன்மா.”

“சீக்கிரம் முடிவு பண்ணு. பாவம், டிரைவர் தூங்கணும்ல.”

தாள்காரி சிரித்தாள். கீழே இருந்த உணவு நேரத்தைத் திருத்தினாள். அச்சுப்பொறியைத் தட்டினாள். அறுபத்தொரு பிரதி.

5

வாயில் நுரையோடு அவள் படியேறி ஓடிவந்தபோது, கப்பலின் பக்கவாட்டுக் கதவுக்கு முன்னால் நூற்றுப் பதினான்கு பேர் மிதவை அங்கியும் ரப்பர் காலணியுமாக நின்றார்கள். வரிசை அங்கிருந்து உணவுக்கூடம் வரை வளைந்து போனது. முன்னால் அம்மா.

“உள்ள போங்க, உள்ள போங்க. நடுவுல எவ்ளோ எடம் கெடக்கு. சார், படியில நிக்காதீங்க. உங்களத்தான், தொப்பி சார்!”

தொப்பி சார் முன்னாள் நீதிபதி. நகர்ந்து நின்றார்.

“அம்மா, என்னம்மா இது?”

“வாயத் தொடைடி மொதல்ல. எல்லாரும் ரெடி. உனக்குத்தான் லேட்டு.”

“யாரு விசில் அடிச்சது?”

“நான்தான். இந்தச் சட்டையில ஆளுக்கொரு விசில் கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. பாவம், ஒருத்தருக்கும் அடிக்கத் தெரியல. ஒத்த விசில் குடுத்தேன், வண்டி நின்னுடுச்சு பாரு.”

கப்பல் நின்றிருந்தது.

(கப்பல் அப்படி நிற்காது என்று எனக்கும் தெரியும். அரை மைல் ஓடித்தான் நின்றது. மேலே சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தவர் தினமும் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர். உடம்பு தானாகக் கேட்டுவிட்டது.)

“தீவு பேரு போடலையேம்மா” என்றார் பல் டாக்டர் ஒருவர், தாளை நீட்டி.

“சஸ்பென்ஸ் வச்சிருக்காங்க” என்றார் அவர் மனைவி. “உங்களுக்கு எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிடணும்.”

“தீவே கண்ணுல படலையே.”

“சின்னதா இருக்கும்.”

அப்போது கேப்டன் வந்தார். இரவு உடையில், தலையில் மட்டும் அதிகாரத் தொப்பி. கடலைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். தாளை வாங்கிப் படித்தார். தாள்காரியைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

6

இங்கே மூன்று நாள் நின்றேன். முடிவுகள் வந்தன.

அ. கடலிலிருந்து ஒரு தீவு மெல்ல எழுகிறது. நான்கு வரி எழுதினேன். தென்னை மரம் வரைக்கும் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

ஆ. தாள்காரி உண்மையைச் சொல்கிறாள். கேப்டன் பெட்டியைக் கட்டச் சொல்கிறார். எட்டு வருடப் பொய் அத்தனை பேர் முன்னால் உடைகிறது. அம்மா விசிலைக் கழற்றி அங்கியின் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். நல்ல முடிவு. விருதுகூடக் கிடைக்கலாம். அம்மா விசிலைக் கழற்றும் வாக்கியத்தை ஏழு தடவை எழுதினேன். ஏழு தடவையும் அவள் கழற்றவில்லை.

இ. பூனை

(இல்லை.)

அதனால் தாள்காரியையே யோசிக்க விட்டேன். தப்பு அவளுடையது. நான் ஏன் தூக்கம் கெட வேண்டும்?

7

தாள்காரி நுரையை விழுங்கினாள். “இருக்கு” என்றாள்.

“எது?” என்றார் கேப்டன்.

“தீவு. ஐம்பத்திரண்டு நாளா நாம இருக்கிறோமே, இதுதான். சுத்தித் தண்ணி. நடுவுல ஜனம். வெளியிலேர்ந்து இதை யாராவது முழுசாப் பாத்திருக்கீங்களா?”

யாரும் பார்த்திருக்கவில்லை. துறைமுகத்தில் பாதி தெரியும். அதற்குள் பெட்டி, படிக்கட்டு, அவசரம்.

“படகுல போயி ஒரு சுத்து சுத்திட்டு, அந்தப் பக்கக் கதவுல இறங்கறோம்” என்றாள்.

“ஒரு ட்ரிப்புக்குப் பத்துப் பேரு!” என்று அம்மா கத்தினாள். “தொங்கிட்டு வர்றதெல்லாம் கூடாது!”

கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நூற்றுப் பதினான்கு பேர் கைதட்டினார்கள். கடல் தட்டையாகக் கிடந்தது. காரணம் சொல்லி மறுக்க அலைகூட இல்லை. வாயை மூடிக்கொண்டார்.

இப்போது ஒரு தொல்லை. படகை யார் ஓட்டுவது? படகோட்டியை நான் மூன்றாம் பகுதியிலேயே எடுத்துவிட்டேன்.

கூப்பிட்டேன். வந்தார். ஆணியில் தொங்கிய அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மீசை ஒரு பக்கம்தான் இருந்தது. முகத்தில் கோபம் தெரிந்தது. நியாயம்தான்.

“இவரு யாருடி? இத்தன நாளா நான் பாக்கலையே” என்றாள் அம்மா.

“எனக்கும் தெரியாதும்மா” என்றாள் தாள்காரி.

பன்னிரண்டு நடை. படகு கப்பலைச் சுற்றிவந்தது. பயணிகள் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த சிப்பிகளைப் படம் எடுத்தார்கள். பல் டாக்டர் அவற்றைத் தட்டிப் பார்த்து, சொத்தை இல்லை என்றார். கழிவறைச் சன்னல்களைப் பறவைக் கூடுகள் என்று ஒருவர் எழுதிக்கொண்டார். மேல்தட்டில் சமையல்காரர் வெள்ளைத் தொப்பியோடு நின்று கையசைத்தார். “அதோ, பூர்வகுடி” என்றார் நீதிபதி. எல்லோரும் மரியாதையோடு கையசைத்தார்கள்.

கடைசி நடையில் தாள்காரியும் அம்மாவும் எஞ்சியவர்களோடு ஏறினார்கள். கப்பலின் பின்பக்கம் வந்தபோது அம்மா குரலைத் தணித்தாள்.

“நீ இதை நிறுத்தறவ இல்ல, இல்லியா?”

தாள்காரி தண்ணீரைப் பார்த்தாள். “எப்பத் தெரியும்?”

“ஏறின அன்னிக்கே. கதவுக்கதவாக் குனிஞ்சிட்டிருந்த. கண்டக்டர் குனிய மாட்டா.”

“அப்புறம் ஏம்மா கேட்டுக்கிட்டே இருந்த, எங்க நிறுத்தப் போற, எங்க நிறுத்தப் போறன்னு?”

“நீ பதில் சொல்லும்போது மூஞ்சி நல்லாருந்துச்சுடி.”

இந்த இடத்தில் ஒரு வர்ணனை இருந்தது. எடுத்துவிட்டேன். படகோட்டி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்காக அவருக்கு மீசையின் மறுபாதியைக் கொடுத்தேன்.

8

மறுபக்கக் கதவில் கேப்டன் நின்றார். உடை மாற்றியிருந்தார். இறங்கிய ஒவ்வொருவரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, இதுவரை இறங்கிய தீவுகளிலேயே இதுதான் சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கை வீங்கியிருந்தது. பின்னால் பயணிகள் சாப்பிடப் போகாமல் கூட்டமாக நின்றார்கள்.

தாள்காரி இறங்கினாள். அம்மா இறங்கி, பழக்கத்தில் படகை ஒரு தட்டுத் தட்டினாள்.

கேப்டன் அடுத்துச் சொன்னது ஒரே வாக்கியம். அது எனக்குத் தெரியும். அவர் முகம்தான் தெரியவில்லை. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், பெட்டியோடு இறங்கிக்கொள் என்று முன்பு சொன்ன அதே முகம். இன்னொன்றில், வழி தெரியாத டிரைவர் கண்டக்டரைத் திரும்பிப் பார்க்கும் முகம். இரண்டையும் கிழிக்கவில்லை. வாசகருக்கு எது வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம். அம்மா எதை வைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். அவள் விசிலை ஏற்கெனவே வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள்.

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். அத்தனை பேருக்கும் கேட்கும்படி தாள்காரியிடம் கேட்டார்:

“சொல்லும்மா, நாளைக்குக் கப்பலை எங்க நிறுத்தணும்?”