இடக்கை நிக்கோலாய்

"இன்னும் கொஞ்சம் சோப்பு குடுங்க அண்ணி. மஞ்சள் போகவே மாட்டேங்குது," என்றாள் சால்வினா, இறந்துபோன அண்ணன் அவ்ராமின் விரல்களைத் தேய்த்தபடி.

"விடு. பெயிண்ட்தானே, இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் வெதூரியா.

அவ்ராமுக்கு இருந்தது அந்த ஒரு கைதான். வலது கையை நிலக்கரிச் சுரங்கம் வாங்கிக்கொண்டது. அதன்பின் வெகுகாலம் மனுஷன் சுவரைப் பார்த்தே கிடந்தார். வீட்டிலிருந்த கயிற்றையெல்லாம் ஒளித்துவைத்துவிட்டுத்தான் வெதூரியா கடைக்குப் போவாள். ஒருநாள் சந்தையில் கண்ணாடியில் தீட்டிய புனிதர் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்று கேட்டார். அன்றைக்கு எழுந்து உட்கார்ந்தவர்தான்.

பின்பக்கம் தீட்டி முன்பக்கம் பார்க்கவேண்டிய படம் அது; திருப்பினால் வலது இடதாகிவிடும். மாதிரித் தாளைப் புரட்டி அடியில் வைக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. முடித்துத் திருப்பினால், புனித நிக்கோலாய் இடது கையால் ஆசி வழங்கிக்கொண்டிருந்தார். ஆசி வலது கையால்தான் என்று சொல்லி, பாதிரியார் அதை மந்திரித்துத் தர மறுத்துவிட்டார். அவ்ராமுக்கு வந்ததே கோபம்!

"இருக்கிற கையாலதானே சாமி ஆசீர்வதிக்க முடியும்?"

அதற்குப்பின் தீட்டிய புனிதர்கள் எல்லோரும் வேண்டுமென்றே இடக்கைக்காரர்கள்.

இப்போது வழக்கப்படி இறந்தவர் மார்பில் ஒரு புனிதர் படம் வைத்தாகவேண்டும். பாதிரியார் வந்துகொண்டிருந்தார்.

"ஊரே பாக்க அவரு முடியாதுன்னுட்டா? எங்க வீட்டுல கடையில வாங்கின படம் இருக்கு, கொண்டாரட்டுமா?" என்றாள் சால்வினா.

"இவரு படம் இருக்கையில கடைப் படம் எதுக்குடி?"

மேசையில் கடைசிப் படம் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. திருப்புவது எப்போதும் வெதூரியாவின் வேலை; ஒற்றைக் கைக்குக் கண்ணாடி வழுக்கும். இதை மட்டும் "காயட்டும், காயட்டும்" என்று தொடவே விடவில்லை.

திருப்பினாள். நிக்கோலாயின் வலது கை உயர்ந்திருந்தது.

சால்வினா சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்பாடா! உங்களுக்குத் தொல்லை வேண்டாம்னு நெனச்சிருக்காரு, பாருங்க."

யாருக்கும் வளையாத மனுஷன் அவளுக்காக வளைந்திருக்கிறார். வெதூரியா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வாசலில் பாதிரியாரின் குரல் கேட்டதும் எழுந்தாள். சுவரிலிருந்த அந்த முதல் இடக்கை நிக்கோலாயைக் கழற்றித் தூசி துடைத்து, அவ்ராமின் மார்பில் வைத்தாள்.

பாதிரியார் குனிந்து பார்த்தார். "வேற படம் இல்லையாம்மா?"

"இருக்கு சாமி." புதிய படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "அது உங்களுக்காகப் போட்டது, கோயில்ல வச்சுக்குங்க. இது அவரோடது."

பாதிரியார் அந்தப் படத்தை ஜன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டு வந்து, ஆசி வழங்க வலது கையைத் தூக்கினார். படத்தின் பின்பக்கம் இன்னும் காய்ந்திருக்கவில்லை. அவர் விரல்களிலும் மஞ்சள் ஒட்டியிருந்தது.