ஐந்து வார்த்தையும் ஒரு பிரேக்கும்

டெப்போவே ‘ஸ்டியரிங்’ என்று கூப்பிடும் அந்த டிரைவர், போன மாதம் நாற்பது பயணிகளோடு பஸ்ஸைக் கொண்டுபோய்த் தன் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். ரூட் சுத்தமாக மறந்து, கை தன் பாட்டுக்கு வீட்டுப் பக்கம் திருப்பியிருந்தது. அதே பஸ்ஸில் கண்டக்டர் அவர் மனைவி. பிரேக் டவுன் என்று ஒரே போடாகப் போட்டாள். நாற்பது வாயை மூட அவளாலும் ஆகுமா? டாக்டர் கடிதம் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது என்றுவிட்டார் மேனேஜர்.

டிரைவர் உடம்பில் பல வருஷமாக இரண்டு வைரஸ் குடித்தனம். எச்.ஐ.வி. ஒன்று, ஈரலைப் பிடித்த ஹெபடைட்டிஸ் சி இன்னொன்று. எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கலாம். முதலாவது மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கிறது. இரண்டாவதற்கு மனிதர் மருந்தே தொடங்கவில்லை. லீவு போட மனசு வரவில்லையாம். இரண்டும் சேர்ந்தால் ஞாபகமும் கவனமும் மந்தப்படலாம் என்று டாக்டர் எப்போதோ எச்சரித்திருந்தார்.

ஆறு மாதம் முன்பு ஞாபகத்தைச் சோதிக்க டாக்டர் ஐந்து வார்த்தை சொல்லி, பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டபோது மூன்றுதான் வந்தது. மனைவி சும்மா விடுவாளா? அந்த ஐந்தையும் இந்த வாரம் முழுக்க, பல் தேய்க்கும்போதுகூட விடாமல் உருப்போட வைத்தாள்.

கடிதம் வாங்கப் போன இந்த முறை டாக்டர் வேறு ஐந்து சொன்னார். பத்து நிமிஷம் கழித்து டிரைவர் நெஞ்சை நிமிர்த்தி, "குடை, ஏணி, எலுமிச்சை, மணி, குதிரை" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். டாக்டர் சிரித்தேவிட்டார். பழசு பிரமாதம், புதுசு ஒன்றுகூட ஒட்டவில்லை, கடிதம் தர முடியாது என்றார். ஈரலுக்கு மூன்று மாத மாத்திரை. பிறகு தெளிவு வரலாம், வராமலும் போகலாம்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. திடீரென்று, "சாவி, மேகம், செருப்பு, ஊசி, முயல்" என்றார். ஐந்தும் சரி. பக்கத்திலிருந்து கேட்டவளாயிற்றே, மனைவி துள்ளி எழுந்தாள்.

"வாங்க, உள்ள போய்ச் சொல்லுவோம். கடுதாசி குடுத்துருவாரு."

அவர் எழவில்லை. "பிரேக்கும் இப்படி லேட்டா பிடிச்சா, முன்னாடி நிக்கிறவன் என்ன ஆவான்?"

அவள் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் பயணியாகப் பின்படியில் ஏறினார்.