வலது மூலைப் பொத்தான்

திங்கட்கிழமை காலை எங்கள் ஷூ கம்பெனியில் எல்லா கம்ப்யூட்டரும் புது முகத்தோடு திறந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றியவள் நான்தான். ஆம்பூரில் வேறு யாராவது இதை இவ்வளவு சுத்தமாகச் செய்யட்டும் பார்க்கலாம் என்ற மிதப்பில் டீ குடிக்கப் போனேன். டம்ளரில் வாய் வைப்பதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"ஷர்மிளா, இன்னாடி பண்ணி வெச்சிருக்க? மூலையில இருந்த ஸ்டார்ட் பொத்தானைக் காணோம்!" அக்கவுன்ட்ஸ் அம்பிகா அக்கா.

"நடுவுல இருக்குக்கா."

"வீட்டு வாசலை யாராவது நடு ஹால்ல வெப்பாங்களா?" என்று போனை வைத்துவிட்டார். டிசைனிங் ஆல்வின் மட்டும், "சூப்பரா இருக்குக்கா" என்றான். அவன் எதைக் காட்டினாலும் சூப்பர் என்பான். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. பழைய சிஸ்டத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது என்று தொண்டை கிழியக் கத்தியும் ஒருவர் காதிலும் விழவில்லை.

மதியம் பேக்கிங்கில் பெரிய குளறுபடியே நடந்துவிட்டது. லேடீஸ் ஷூ பெட்டிகளின் மேல் ஜென்ட்ஸ் லேபிள். அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவர் ஜியாவுதீன் பாய். அயர்ன் செய்த சட்டை, அத்தர் வாசனை. தன் நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்தாலும் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார். பெட்டி சுமக்க வந்து, தானாகவே முட்டி மோதி அந்த நாற்காலிக்கு ஏறியவர். அந்த கர்வம் அவருக்கு ஜாஸ்தி. இருக்கட்டுமே, எனக்கும்தான் இருக்கிறது.

மேனேஜர் நயீம் அகமது முகம் சிவந்து நின்றிருந்தார். "அஞ்சு மணிக்குக் கன்டெய்னர் கிளம்பணும் பாய். லேபிள் சரியா வரலைன்னா நாளையிலேர்ந்து ஆல்வின் இங்க உட்காரட்டும். நீங்க லோடிங்கைப் பாருங்க."

மேனேஜர் போனதும் பாய் என்னிடம் திரும்பினார். "திரைக்குக் கீழ் வரிசையில இடது பக்கத்துலேர்ந்து மூணாவது படம்தான் லேடீஸ் லேபிள். இத்தனை வருஷமா அதான். இன்னிக்கு ஒண்ணைத் தொறந்தா வரிசையே நகர்ந்து போவுது. பேஜாரா இருக்கும்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரையில் இருந்த இங்கிலீஷில் பாய் ஒரு வார்த்தையும் படித்ததில்லை. இடத்தை எண்ணி எண்ணியே வேலை செய்திருக்கிறார். வரிசையை மூலைக்குத் தள்ளிவிடுவது எனக்கு ஒரு நிமிட வேலைதான். ஆனால் அடுத்த முறை மாறினால்? எத்தனை காலம் எண்ணிக்கொண்டிருப்பார்?

தப்பான பெட்டிகளை அவர் ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் உருதுவில் எதையோ எழுதினார். வலதிலிருந்து இடதுக்குக் கை சரசரவென்று ஓடியது.

"பாய், எழுந்திரிங்க" என்றேன்.

மொழியை உருதுவுக்கு மாற்றி, வரிசையை மூலைக்குத் தள்ளி, கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தேன். திரை அப்படியே இடம் வலமாகத் திரும்பிக்கொண்டது. பொத்தான் வலது மூலைக்குப் போய்விட்டது. எழுத்தெல்லாம் உருது. இந்தக் கம்பெனியின் எல்லா கம்ப்யூட்டரையும் கட்டி மேய்க்கும் எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை.

"இது இன்னா பாய்?" என்று ஒன்றைத் தொட்டுக் கேட்டேன்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சத்தமாகப் படித்தார். அடுத்ததையும் படித்தார். கேட்காததையும் படித்தார். அவர் குரல் ஏறிக்கொண்டே போனதில் பேக்கிங் பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

லேபிள் ஃபைல்களுக்கும் அவரையே உருதுவில் பெயர் வைக்கச் சொன்னேன். தினமும் போனில் தட்டிப் பழகிய கை. திரையில் வந்த எழுத்துப் பலகையில் தட்டி மளமளவென்று முடித்தார். இப்போது வரிசை எப்படி நகர்ந்தாலும் அவருக்குக் கவலையில்லை. பெயரைப் படித்தார், அழுத்தினார். பிரின்டர் ஓடத் தொடங்கியது. கன்டெய்னர் கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்பியது, ஆனால் ஒரு பெட்டியிலும் தப்பில்லை.

அந்தத் தாமதத்தையே பிடித்துக்கொண்டு மறுநாள் காலை நயீம் சார் சொன்னபடியே ஆல்வினைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாய் எழுந்து நாற்காலியைக் காட்டினார். ஆல்வின் உட்கார்ந்து, மவுஸை இடது மூலைக்குக் கொண்டுபோனான். அங்கே பொத்தான் இல்லை. நடுவில் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அக்கா, இது சூப்பரா இருக்கு. ஆனா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"

"வலது பக்கத்துலேர்ந்துப்பா" என்றார் பாய்.

நயீம் சார் குனிந்து திரையைப் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது. சின்ன வயதில் மதரஸாவில் படித்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். விரலை வைத்து எழுத்துக் கூட்டி ஒரு வரி படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் நேற்றைய கோபம் இல்லை.

"ஆல்வின், நீ டிசைனிங்குக்கே போ" என்றார்.

ஆல்வின் எழுந்தான். என் போன் அடித்தது. அம்பிகா அக்கா. "ஏன்டி, பாய்க்கு உருதுல போட்டுக் குடுத்தியாமே? எனக்குத் தமிழ்ல போட மாட்டியா?"

பாய் கைக்குட்டையை எடுத்து, நாற்காலியை நன்றாகத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.